வெளிநாட்டு ஒப்பந்த வேலை: நாள் சம்பளத்தைக் கடைசியாகப் பாருங்கள்

சிங்கப்பூரின் எண்ணெய், ரசாயன ஆலைகள் இருக்கும் ஜூரோங் தீவில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) வேலைகள் முடியும் ஒவ்வொரு முறையும், குழாய்ப் பரிசோதனை, வெல்டிங், சாரக்கட்டு ஆகிய பிரிவுகளில் இருக்கும் நம்மவர்களின் கைப்பேசிகளுக்கு வெளிநாட்டு ஒப்பந்த அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. கத்தார், சவூதி, புருணை, ஆஸ்திரேலியா என்று ஊர் மாறினாலும் செய்தியின் அமைப்பு மாறுவதில்லை. வேலையின் பெயர், ஒப்பந்தக் காலம், நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அவ்வளவுதான். எல்லாரும் முதலில் பார்ப்பது அந்தத் தொகையை. ஆனால் சம்பளத்தைத் தரப்போகிறவர் யார், எந்த நாளிலிருந்து கணக்குத் தொடங்குகிறது என்ற இரண்டும் தெரியும்வரை அந்தத் தொகைக்குப் பொருளே இல்லை என்பது என் கருத்து.

வேலை தேடும் விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆள் எடுக்கும் நிறுவனங்கள் லிங்க்ட்இன்னிலும் தங்கள் சொந்தக் கோப்புகளிலும் குறிச்சொற்களை இட்டுத்தான் தேடுகின்றன. ஆகவே, ‘பைப்பிங் இன்ஸ்பெக்டர், பத்தாண்டு அனுபவம்’ என்று எழுதுவதைவிட, எந்த ஆலை, எந்த உலோகம், எத்தனை அங்குலக் குழாய் என்று எழுதுபவரே கண்ணில் படுவார். டூப்ளெக்ஸ் என்ற துருப்பிடிக்காத எஃகு வகையில் வேலை செய்தவர் அதை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். குழாய்ப் பரிசோதகருக்கான ஏபிஐ 570 சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கும், வெல்டிங் பரிசோதகருக்கான சிஸ்விப் 3.1 ஐந்து ஆண்டுகளுக்கும்தான் செல்லும் என்பதால், காலாவதித் தேதியையும் சேர்த்து எழுதினால் கேள்விகள் குறையும்.

என்னோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவர், தீவின் சோதனைச் சாவடிக்கு வெளியே பேருந்துக்குக் காத்திருந்தபோது தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “அண்ணே, ஒரு நாளுக்கு 450 வெள்ளி (டாலர்) சொல்றாங்க. போகலாமா?” என்று கேட்டார். “தம்பி, முதல்ல ஒப்பந்தத்தோட நாலாவது பக்கத்தைத் திற” என்றேன். தளத்தில் பாதுகாப்புப் பயிற்சி முடிந்த நாளிலிருந்துதான் சம்பளம் என்று அங்கே இருந்தது. மருத்துவப் பரிசோதனைக்கும் நுழைவு அட்டைக்கும் தங்குமிடத்தில் காத்திருக்கும் நாள்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏறிய நாளிலிருந்து கணக்கு வேண்டும், காத்திருக்கும் நாளுக்குப் பாதியாவது வேண்டும் என்று எழுதிக் கேட்குமாறு சொன்னேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: வாடிக்கையாளரிடமிருந்து தொகை கிடைத்த பிறகே ஊழியருக்கு வழங்கப்படும். சிங்கப்பூரில் கட்டுமானக் குத்தகைகளில் இத்தகைய நிபந்தனை செல்லாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு நம்மோடு விமானம் ஏறி வருவதில்லை. எண்ணெய் நிறுவனத்தின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இடைநிறுவனம் எது, அது எந்த நாட்டில் பதிவானது என்பதுதான் நமக்கு முக்கியம்.

தொகைக்கு வருவோம். புருணையில் தனிநபர் வருமான வரி கிடையாது. அந்நாட்டு வெள்ளியும் நம் வெள்ளியும் 1967 முதல் சம மதிப்பில் மாறுகின்றன. ஆகவே அங்கே சொல்லப்படும் தொகை ஏறக்குறைய அப்படியே கைக்கு வரும். ஆஸ்திரேலியாவில் ஷட்டவுன் போன்ற குறுகிய காலச் சிறப்பு வேலைகளுக்கு 400ஆம் பிரிவு விசா உண்டு. ஆனால் வரிக் கணக்கில் வெளிநாட்டவராகக் கருதப்படுபவர் முதல் வெள்ளியிலிருந்தே 30 விழுக்காடு கட்ட வேண்டும். நாள் சம்பளம் பெரிதாகத் தெரிவதில் பாதி மயக்கம் இதில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் கவனிக்க வேண்டியது வேறு. வெளிநாட்டு முதலாளி மசேநி (மத்திய சேம நிதி) கட்டமாட்டார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனை மசேநியின் சாதாரணக் கணக்கிலிருந்து அடைத்து வருபவர், கணக்கு வற்றியதும் ரொக்கமாகக் கட்ட நேரிடும். வீடு முழுவதையும் வாடகைக்கு விடலாமே என்றால், அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். நிரந்தரவாசத் தகுதியோடு சிங்கப்பூருக்குத் திரும்பி வரத் தேவையான மறுநுழைவு அனுமதி எப்போது முடிகிறது என்பதையும் புறப்படுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

முன்பணம் கேட்கும் முகவர்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்ற பேச்சை நம்பி 2022இல் மியன்மாரின் மியாவடியில் போய்ச் சிக்கியவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். சிங்கப்பூர் முகவர் என்றால், மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உரிம எண்ணைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்களுக்கு இன்னொன்று. நீங்கள் விலகுவதாகச் சொன்னதும், முதலாளி உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு ஐஆர்21 என்ற வரித்தீர்வுப் படிவத்தை அனுப்பி, வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்குத் தர வேண்டிய தொகையை நிறுத்தி வைப்பார்; இது ஒரு மாதம்வரை நீளலாம். புதிய இடத்தில் முதல் சம்பளம் வர அதற்கும் மேல் ஆகலாம். ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு விலகல் கடிதம் கொடுங்கள்.