மூளைப் பெப்டைடு ப்ராஜெக்ட்: வைவாவில் எங்கே மடக்குவார்கள்

மூளையில் இருக்கும் பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோர்த்த சிறு சங்கிலிகள்) ரத்தக்குழாய் செல்களை வளர்க்குமா என்று எம்எஸ்சி ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, போங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி கிண்டி பக்கம் ஒரு லேபுக்குப் போய்வந்து முடித்தவன் நான். வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம் என்றால் ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி சத்தம், அதனால் படிப்பெல்லாம் ரயிலில்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தால் போதும். 1973-ல் ஜாஃபே குழு தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எண்டோதீலியல் செல்களை (ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள்) பிரித்து வளர்த்தது. 1979-ல் மாசியாக் குழு, மாட்டு மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸின் சாறு அந்தச் செல்களைப் பெருக வைப்பதைக் காட்டியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் சேர்த்தால் வளர்ச்சி இன்னும் கூடும் என்பது அப்புறம் தெரிந்தது. அந்தச் சாற்றில் வேலை செய்த பொருளை இன்று எஃப்ஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி என்கிறோம். அது பெரிய புரதம்; நாம் சோதிக்கும் மூளைப் பெப்டைடுகளோ சிறியவை, சப்ஸ்டன்ஸ் பி வெறும் 11 அமினோ அமிலம், நியூரோபெப்டைடு ஒய் 36.

மடக்குவது எம்டிடி சோதனையில்தான், அதாவது உயிருள்ள செல்கள் ஒரு சாயத்தை ஊதாவாக மாற்றும் சோதனையில். ஊதா நிறம் கூடியிருக்கிறது, சரி, செல் கூடியதா என்பார்கள். எம்டிடி காட்டுவது உயிரோடு இருக்கும் செல்லின் வளர்சிதை மாற்றத்தை, எண்ணிக்கையை அல்ல. அதே எண்ணிக்கைச் செல்கள் சுறுசுறுப்பாக வேலை செய்தாலும் நிறம் ஏறும். சரி, ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணும் கண்ணாடித் தகடு) எண்ணினேன் என்று சொன்னாலும் விடமாட்டார்கள், ஏனென்றால் ஊட்டம் தரும் சீரத்தைக் குறைத்துப் பட்டினி போட்ட செல்கள் சாகாமல் பெப்டைடு காப்பாற்றியிருந்தால்கூடக் கடைசியில் எண்ணிக்கை அதிகமாகத்தான் இருக்கும், அது பெருக்கம் ஆகாது. செல் பெருகுவதையே காட்டும் பிஆர்டியு அல்லது கேஐ-67 சோதனை ஒன்றாவது கையில் இருக்கட்டும். பெப்டைடு இல்லாத கண்ட்ரோல் மட்டும் வைத்தால் போதாது, ரிசெப்டரை (செல்லில் பெப்டைடு ஒட்டும் இடம்) அடைக்கும் மருந்து போட்ட தட்டும் வேண்டும். அதில் விளைவு மறைந்தால்தான் உங்கள் பேச்சுக்கு எடை.

பலர் கோட்டைவிடும் இன்னொரு இடம் பெப்டைடின் ஆயுள். எண்டோதீலியல் செல்லின் மேலேயே ஏசிஇ, நெப்ரிலைசின் என்று சப்ஸ்டன்ஸ் பி-யை வெட்டும் என்சைம்கள் இருக்கின்றன. நியூரோபெப்டைடு ஒய்-யை டிபிபி-4 என்ற என்சைம் நுனியில் நறுக்கிவிடும், மிச்சத் துண்டு ஒய்1 ரிசெப்டரை விட்டுவிட்டு ஒய்2-வைப் பிடிக்கும். முதல் நாள் ஒரு தடவை ஊற்றிவிட்டு மூன்றாம் நாள் "விளைவு இல்லை" என்று எழுதியவரைப் பார்த்து வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் சிரிக்காமல் என்ன செய்வார்?

செல்களின் பாசேஜ் எண்ணை, அதாவது எத்தனை முறை புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தீர்கள் என்பதை, கேட்டால் தடுமாறாதீர்கள். பாசேஜ் ஏற ஏற இந்தச் செல்கள் தங்கள் குணத்தை இழக்கும், ஆரம்ப பாசேஜிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது. மழை மாதங்களில் இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டில் பூஞ்சை வரும், அதையும் கவனியுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தொப்புள்கொடி வாங்கியிருந்தால் நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதத்தின் நகலை ஃபைலில் முதல் பக்கமாகவே வையுங்கள், என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.