ஜங்ஷன் ஸ்டுடியோவும் காணாமல் போன நான்கு டிஸ்க்குகளும்

2024 செப்டம்பர் 2, திங்கள், இரவு

ஆவணி முகூர்த்தங்கள் இன்னும் ஓயவில்லை என்பதால், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்கும் அந்தத் திருமண வீடியோ ஸ்டுடியோவின் சர்வரை மாலை ஏழு மணிக்கு மேல்தான் நிறுத்த முடியும் என்று அதன் உரிமையாளர் அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். வேலை சிறியது. எட்டு டிஸ்க்குகளில் ஒன்று சனிக்கிழமை காலை ரெய்டு தொகுப்பிலிருந்து, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் அமைப்பிலிருந்து, தானாகவே வெளியேற்றப்பட்டிருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 197-ஆம் எண்ணுக்கு எதிரே, அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள் எனும் சிறு தரவுப் பகுதிகளின் கணக்கில், 112 என்று இருந்தது. அதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினேன். இதை எழுதும்போது மணி பதினொன்றே முக்கால்.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி சர்வர் அன்று. பெரிய டவர் கேபினெட்டில் யாரோ பொறுக்கிக் கோத்த பெட்டி. எட்டு டெராபைட் டிஸ்க்குகள் எட்டு, லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 6 முறையில் சேர்க்கப்பட்டவை. இழந்த தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டிக்கு இரண்டு டிஸ்க்குகளின் இடம் போக, 48 டெராபைட் பயன்பாட்டுக்கு மிஞ்சும். ஏதேனும் இரண்டு செத்தாலும் தரவு பிழைக்கும். எட்டும் எல்எஸ்ஐ 9211-8ஐ என்ற கார்டில் சேர்கின்றன. அந்தக் கார்டில் இரண்டு துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மினி சாஸ் கேபிள் புறப்பட்டு, நுனியில் நான்காகப் பிரிந்து நான்கு டிஸ்க்குகளுக்குப் போகிறது. இயங்குதளம் தனியாக ஒரு எஸ்எஸ்டியில் இருக்கிறது. நடப்பு வேலைகளின் நகலை வைத்துக்கொள்ள இன்னொரு டிஸ்க் மதர்போர்டிலேயே மாட்டப்பட்டிருக்கிறது.

கழற்ற வேண்டிய டிஸ்க்கை அதன் சீரியல் எண்ணைத் திரையிலும் ஒட்டுச்சீட்டிலும் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கழற்றினேன். அந்தக் கவனத்தில் எனக்குச் சற்றுக் கர்வமும் இருந்தது. புதியதை மாட்டி மின்சாரம் கொடுத்தபோது, திரையில் ஒன்றரை நிமிடக் கணக்கு ஓடியது. பிறகு அவசர நிலைக்குள் நுழைந்திருப்பதாக ஒரு வரி வந்து நின்றது. டிஸ்க்குகளின் பட்டியலைக் கேட்டேன். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. ரெய்டின் நிலையைக் கேட்டால், தொகுப்பு செயலற்றுக் கிடப்பதாகவும், மிஞ்சிய நான்கும் உதிரிகள் என்றும் பதில் வந்தது. உள்ளே இருப்பவை சுமார் ஆறு ஆண்டுகளின் திருமணங்கள்.

உதவிக்கு வந்திருந்த பையன், தொகுப்பைப் புதிதாக உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று எங்கோ படித்ததாகச் சொன்னான். அவன் கையை விசைப்பலகையிலிருந்து எடுக்கச் சொன்னேன். அந்தக் கட்டளை ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருக்கும் பழைய தலைப்பின்மேல், அதாவது தொகுப்பின் அமைப்பைச் சொல்லும் குறிப்பின்மேல், புதிய தலைப்பை எழுதும். வரிசையோ, துண்டின் அளவோ, தரவு தொடங்கும் இடமோ பழையதிலிருந்து ஒன்று மாறினாலும், அதற்குப் பிறகு ஓடத் தொடங்கும் பாரிட்டிக் கணக்கு கல்யாண வீடியோக்களின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். எதையும் எழுதாமல் நிறுத்துவதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் என்று தோன்றியதால், பெட்டியை அணைத்துவிட்டேன்.

படியிறங்கும்போது அண்ணாச்சி, "என்ன தம்பி, எல்லாம் போச்சா?" என்றார். நான்கு டிஸ்க்குகள் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நாலும் ஒண்ணாவா செத்துருக்கும்? கல்யாண வீட்டுல சீரியல் செட்டு ஒரு வரிசை மட்டும் அணைஞ்சா, பல்பையா பாப்போம்? வயரைல்லா பாப்போம்" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

அண்ணாச்சி சொன்னதே சரி.

காலையில் முதல் வேலையாக, தெரிகிற நான்கு டிஸ்க்குகளின் சீரியல் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு, எது எந்தக் கேபிளில் இருக்கிறது என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். நான்கும் முதல் கேபிளில் இருந்தன. காணாமல் போனவை நான்கும் இரண்டாவது கேபிளுக்கு உரியவை. நான் மாற்றிய டிஸ்க்கும் அவற்றில் ஒன்று. பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது அதன் டேட்டா வயரைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அந்த இழுப்பு மறுமுனையில், கார்டின் துளை வரைக்கும் போயிருக்கிறது.

அந்த முனையை வெளியே எடுத்துக் கண்ணருகில் வைத்துப் பார்த்தேன். மினி சாஸ் முனையின் மேல் ஒரு மெல்லிய உலோக நாக்கு உண்டு. துளைக்குள் செலுத்தும்போது அது 'டக்'கென்று கவ்விக்கொள்ளும். இதில் அந்த நாக்கு ஒரு பக்கமாக வளைந்து மடங்கியிருந்தது. எத்தனை முறை செருகினாலும் அந்தச் சத்தம் வரவில்லை. விரலால் லேசாகத் தொட்டால் நழுவியது. இவ்வளவு நாளும் இறுக்கம் ஒன்றை மட்டுமே நம்பி அது அங்கே நின்றிருக்கிறது.

இது எப்போது வளைந்தது என்பதை அண்ணாச்சியே சொன்னார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது. அன்று கீழ்த்தளத்தில் இருந்த சர்வரை இரவோடு இரவாக மூன்று பேர் தூக்கி மாடிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பக்கத்து மூடி கழன்று கிடந்ததாம். இருட்டில் யாருடைய கை எங்கே பிடித்தது என்று யாருக்கு நினைவிருக்கப் போகிறது? சர்வர் நனையாமல் தப்பியதே பெரிது.

ஸ்மார்ட் அறிக்கையில் இதற்குச் சாட்சியும் இருந்தது. நான்தான் பார்க்கத் தவறியிருக்கிறேன். 199-ஆம் எண் என்பது டிஸ்க்குக்கும் கார்டுக்கும் இடையே தரவு பிழையாக வந்துசேர்ந்த தடவைகளின் கணக்கு. அது டிஸ்க்கின் உடம்பைப் பற்றியது அன்று, பெரும்பாலும் வயரைப் பற்றியது. முதல் கேபிளின் நான்கு டிஸ்க்குகளிலும் அது பூஜ்யம். நான் கழற்றிய டிஸ்க்கின் பழைய அறிக்கையில் 43. சனிக்கிழமை 197-ஐப் பார்த்த அதே கண் இரண்டு வரி கீழே இறங்கியிருந்தால், நேற்றிரவு இவ்வளவு வியர்த்திருக்க வேண்டியதில்லை. 112 செக்டார்கள் உண்மையாகவே கெட்டவை. ஆகவே டிஸ்க்கை மாற்றியது தவறில்லை. நோய் இரண்டு இருந்தது, நான் ஒன்றை மட்டும் கண்டேன்.

இந்த வகைக் கேபிள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. என் வீட்டு அலமாரியில், பழைய சர்வர் ஒன்றைப் பிரித்தபோது எடுத்து வைத்தது ஒன்று இருந்தது. இதற்கெல்லாம் இடம் அடைப்பதாக வீட்டில் ஏச்சு வாங்கியது இன்றைக்குப் பலித்தது. அதை மாட்டியதும் சத்தம் வந்தது. மூன்று டிஸ்க்குகள் திரும்பி வந்தன. தொகுப்பை இயக்குவதற்கு முன் ஏழின் தலைப்புகளையும் படித்து, தொகுப்பில் மாற்றம் நேரும்போது கூடும் நிகழ்வு எண்ணை ஒப்பிட்டேன். ஏழிலும் ஒரே எண். நேற்று தொகுப்பு இயங்கவே இல்லை என்பதால் எதுவும் யாரையும் விட்டு முன்னே ஓடிவிடவில்லை. தொகுப்பை நிறுத்தி, உள்ளதை உள்ளபடி ஒன்றுசேர்க்கும் கட்டளையை மட்டும் கொடுத்தேன். எந்த வற்புறுத்தலும் இல்லாமல் ஏழு டிஸ்க்குகளோடு எழுந்து நின்றது. முதலில் படிக்க மட்டுமே அனுமதிக்கும் விதத்தில் திறந்து, ஒரு வீடியோவை நடுவில் இழுத்து ஓடவிட்டோம். நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறுகிற இடம். அண்ணாச்சி சத்தத்தைக் குறைக்கவே விடவில்லை.

அவசர நிலைக்குள் போனதன் காரணம் வேறு. நகல் டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று எழுதி வைத்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், முன்பு அமைத்தவர் அதை 'எஸ்டிஐ' என்று பெயர் சொல்லி எழுதியிருந்தார். இந்தப் பெயர்கள் கண்டுபிடிக்கப்படும் வரிசையில் சூட்டப்படுபவை. கார்டில் எட்டும் இருந்தபோது ஒன்பதாவதாக வந்த நகல் டிஸ்க்குக்கு ஒன்பதாம் எழுத்து கிடைத்தது. நான்கு மறைந்தபோது அதே டிஸ்க் ஐந்தாவதாக நின்று 'எஸ்டிஇ' ஆகிவிட்டது. இல்லாத பெயருக்காக இயங்குதளம் 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டது. அந்த வரியை, வரிசை மாறினாலும் மாறாத யுயுஐடி எண்ணுக்கு மாற்றி, இல்லாவிட்டாலும் மேலே போகலாம் என்னும் 'நோஃபெயில்' சொல்லையும் சேர்த்துவிட்டேன்.

ஆனால் புதிய டிஸ்க் மட்டும் இன்னும் தெரியவில்லை.

2024 செப்டம்பர் 4, புதன்

புதிய டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுழலவே இல்லை. அக்கம்பக்கத்து டிஸ்க்குகளின் அதிர்வு கேபினெட் வழியாக வருவதால், முதல் நாள் அதையே இதன் அதிர்வு என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். வெளியே எடுத்து, டிஸ்க்கை யுஎஸ்பி வழியாக இணைக்கும் டாக்கில் வைத்தால் உடனே சுழன்றது. முழு அளவும் காட்டியது. 512 பைட் கணக்கில் 15628053168 செக்டார்கள், பழையவற்றோடு ஒன்றுகூடக் குறையவில்லை. டிஸ்க் நல்லது. பெட்டிக்குள் போனால் மட்டும் பிணம்.

கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கையெடுத்தபோதுதான், ஒட்டுச்சீட்டின் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தேன். டிஸ்க் மின்சாரம் பெறும் சாட்டா மின்முனையில் 15 பின்கள் உண்டு. பழைய விதிப்படி முதல் மூன்றும் 3.3 வோல்ட்டுக்கானவை, டிஸ்க்குகள் அவற்றைப் பெரும்பாலும் பயன்படுத்தியதே இல்லை. 2016-இல் வந்த சாட்டா 3.3 விதி, மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்தது: அதில் மின்னழுத்தம் வந்தால் டிஸ்க் அணைந்துகொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கில் டிஸ்க் வைத்திருப்பவர்கள், தொங்கிப்போன ஒன்றைத் தூரத்திலிருந்தே அணைத்து எழுப்புவதற்கான ஏற்பாடு அது. இந்தப் பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பழையது. ஆரஞ்சு நிற வயரில் எப்போதும் 3.3 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே புதிய டிஸ்க், விடாமல் தன்னை அணையச் சொல்கிறார்கள் என்று எண்ணிக் கீழ்ப்படிந்து படுத்திருக்கிறது. யுஎஸ்பி டாக்கில் அந்த 3.3 வோல்ட் இல்லை.

3.3 வோல்ட் இல்லாத மோலெக்ஸ் மின்முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றித் தரும் மலிவான வயர் ஒன்றைப் பையன் நீட்டினான். வார்ப்பு பிளாஸ்டிக் முனை கொண்டவை உருகித் தீப்பிடிப்பதுண்டு என்பதால் வேண்டாம் என்றேன். மாறாக, வண்ணார்பேட்டையில் ஒரு மொபைல் சர்வீஸ் கடைக்குப் போய், சூடு தாங்கும் அந்த மஞ்சள் கேப்டான் டேப்பைக் கொஞ்சம் கேட்டேன். தம்பி ஒரு சாண் கிழித்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். பின்களுக்கிடையே 1.27 மில்லிமீட்டர்தான் இடைவெளி. பிளேடால் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு பட்டையை நறுக்கி, இடுக்கியால் பிடித்து, முதல் மூன்று பின்களை மட்டும் மூடி, நகத்தால் அழுத்திப் பின்பக்கமாக மடித்து ஒட்டினேன். முதல் பட்டை நான்காவது பின்னையும் மூடிவிட்டது. அது தரைப்பின் என்பதால் பிரித்து மறுபடி ஒட்டினேன். மூன்றாவது முயற்சியில் நேராக நின்றது.

மாட்டினேன். உள்ளங்கைக்குக் கீழே மெல்லிய உறுமல் எழுந்தது. பெயரைப் பாராமல் சீரியல் எண்ணைப் பார்த்துப் புதிய டிஸ்க்கைத் தொகுப்பில் சேர்த்தேன். இரவு ஒன்பதரைக்கு, புதிய டிஸ்க்கில் தரவை மீண்டும் நிரப்பும் மறுகட்டுமானம் தொடங்கியது. சராசரியாக விநாடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் பதினைந்து மணி நேரம் ஆகும்.

2024 செப்டம்பர் 5, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்று ஜங்ஷன் பகுதியில் காலை ஒன்பது முதல் இரண்டு வரை மின்சாரம் இருக்காது என்று நேற்றைய செய்தித்தாளிலேயே வந்திருக்கிறது, நான்தான் காணவில்லை. எட்டே முக்காலுக்கு அண்ணாச்சி போன் செய்தார். அப்போது 71 சதவீதம் முடிந்திருந்தது. இரவு முழுக்க எடிட்டிங் பையன்கள் ஓர் ஆல்பத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்ததில் வேகம் குறைந்திருக்கிறது. யுபிஎஸ் அரை மணிதான் தாங்கும். வீட்டிலிருந்தே சர்வரை முறைப்படி அணைத்தேன். இரண்டேகாலுக்கு எழுப்பியபோது, முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை டிஸ்க்கின் தலைப்பிலேயே அது குறித்து வைத்துக்கொள்கிறது. இரவு எட்டரைக்குள் எட்டும் சேர்ந்துவிட்டன.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று விநாயகர் சதுர்த்தி, ஸ்டுடியோவுக்கு விடுமுறை. அதனால் முழுத் தொகுப்பையும் படித்துப் பாரிட்டியோடு ஒப்பிடும் சோதனையை வெள்ளி இரவே ஓடவிட்டிருந்தேன். இன்று காலை பார்த்தேன்: பொருந்தாதவை பூஜ்யம். இரண்டாவது கேபிளின் டிஸ்க்குகளில் 199-ஆம் கணக்கு செவ்வாய்க்குப் பிறகு ஒன்றுகூட ஏறவில்லை.

ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் கேபிள் எண்ணையும் எழுதி ஒட்டினேன். புதிய டிஸ்க்கில் மட்டும், 'டேப்பை உரிக்க வேண்டாம்' என்று கூடுதலாக ஒரு வரி. நகல் டிஸ்க்கில் நடப்பு வேலைகள் மட்டுமே இருக்கின்றன என்பதையும், பழைய ஆறு ஆண்டுகளுக்கு இந்தப் பெட்டியைத் தவிர வேறு பிரதி எங்குமே இல்லை என்பதையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். ரெய்டு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றார். திங்கள் இரவை நினைவுபடுத்தினேன். விலையைக் கேட்டார், சொன்னேன். ஐப்பசி பிறக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று கேட்டேன். அது பிறர் வீட்டுக் கல்யாணம், காயலாங்கடைக்குப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதைத் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.