தோற்றம், மறைவு: காரைக்குடி வாசகசாலையின் அஞ்சலிக் குறிப்பேடு

ஏப்ரல் 14, 2025, திங்கள்

சித்திரைப் பிறப்பன்று கைபேசியைத் திறந்ததும் முதல் செய்தி, பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசாவின் மறைவு. இங்கே திங்கள் விடிந்துவிட்டது, அவர் இறந்த லிமாவில் இன்னும் ஞாயிறு இரவு. பெரு நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. எனவே வாசகசாலைப் பலகையில் ஒட்டும் அஞ்சலித் தாளில் மறைவு 13.4.2025 என்றே போட்டிருக்கிறோம். செய்தி நம் கைக்கு எப்போது வந்திருந்தாலும், இறந்த ஊரின் தேதிதான் கணக்கு. நாளைய நாளிதழ்களைப் பார்த்துவிட்டு 14 என்று திருத்தச் சொல்லி இரண்டு பேராவது வருவார்கள். அவர்களுக்காகத் தாளின் அடியில் லிமா நேரத்தையும் எழுதியாயிற்று.

தோற்றம் 28.3.1936, அரெகிபா நகரம். 89 முடிந்து பதினாறே நாள். 2010இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு. 1990இல் நாட்டின் அதிபர் பதவிக்கு நின்று ஃபுஜிமோரியிடம் தோற்றார். 1976இல் மெக்சிகோவில் சக நாவலாசிரியர் கார்சியா மார்க்கேசை முகத்தில் குத்தியதைப் பலரும் சுவையாகச் சொல்வார்கள். நம் தாள் ஒரே பக்கம், அதில் இருநூறு சொல். குத்துக்கு அதில் இடமில்லை. சர்வாதிகாரம் சாதாரண மனிதனின் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதையே நாவலுக்கு நாவல் எழுதிப் பார்த்தவர். அதற்குத்தான் இடம்.

புதிதாகப் படிப்பவர்களுக்குத் தாளின் முறையைச் சொல்லிவிடலாம். முதல் வரி, நம் ஊர் பிளெக்ஸ் பேனர்களில் உள்ளதுபோலவே தோற்றம், மறைவு. அடுத்து அவர் செய்த வேலைகளில் ஒன்றே ஒன்று, அது எப்படி நடந்தது என்பதோடு. பிறகு அந்த வேலையில் தவறிய இடம் அல்லது சர்ச்சை. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்ற தொடர் வரக்கூடாது. யாருக்கும் பொருந்தும் வரி எவரையும் நினைவில் நிறுத்தாது.

ஏப்ரல் 21, திங்கள்

போப் பிரான்சிஸ். தோற்றம் 17.12.1936, மறைவு 21.4.2025, ரோம் நேரம் காலை 7.35, நமக்கு 11.05. ஈஸ்டருக்கு மறுநாள். வாடிகனே அறிவித்துவிட்டதால் சரிபார்ப்பதற்கு அதிகம் இல்லை. தாளுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது, தன் அடக்கத்துக்கான விதிகளை அவரே உயிரோடு இருக்கும்போது மாற்றி எழுதியதை. முன்பெல்லாம் போப்புகளுக்கு சைப்ரஸ், ஈயம், ஓக் என ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகள். 2024இல் அதைத் துத்தநாகத் தகடு உள்ளே பதித்த ஒரே மரப்பெட்டியாகக் குறைத்தார்.

(ஏப்ரல் 26இல் சேர்த்தது: சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் அடக்கம். கல்லறைக் கல்லில் ‘ஃப்ரான்சிஸ்கஸ்’ என்ற பெயர் மட்டும்.)

மே 21, புதன்

நேற்று ஒரே நாளில் இருவர். புணேயில் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர், உதகமண்டலத்தில் அணுசக்திப் பொறியாளர் எம்.ஆர். சீனிவாசன். பத்திரிகைகளில் முன்னவருக்கு இடம் அதிகம் கிடைத்தது. நம் பலகையில் இருவருக்கும் ஆளுக்கொரு தாள்.

முதலில் வயது. நார்லிகர் பிறந்தது 19.7.1938. ஆண்டை மட்டும் கழித்தால் 87 வரும். பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் 86தான். இங்கே இந்தத் தவறு அடிக்கடி நடக்கக் காரணம், நம் வீடுகளில் நடப்பு வயது சொல்வதுதான். 86 முடிந்ததுமே ‘87 நடப்பு’ என்போம். ஜாதகத்துக்கு அது சரி. அஞ்சலித் தாளில் முடிந்த வயதுதான். சீனிவாசன் 5.1.1930, முடிந்த வயது 95.

பெயர். சீனிவாசன்கள் ஆயிரம் பேர். நம்மவர்கள் விலாசம் இல்லாமல் ஒரு பெயரைக் கேட்டால் ‘எந்த வீட்டு ஆள்?’ என்று கேட்பதுபோல, படம் தேடும்போதும் முன்னெழுத்து, துறை, பதவி மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று பிசகினாலும் வேறு யாருடைய முகமோ பலகையில் ஏறிவிடும். இவர் 1955இல் அணுசக்தித் துறையில் சேர்ந்தவர். இந்தியாவின் முதல் உலையான அப்சராவில் ஹோமி பாபாவோடு வேலை பார்த்தார். 1967இல் கல்பாக்கம் நிலையத்தின் தலைமைத் திட்டப் பொறியாளர், 1987இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவர். கல்பாக்கத்தை எல்லோருக்கும் தெரியும். அதை எழுப்பிய பொறியாளரின் பெயர் தெரிந்தவர் குறைவு. அதனால்தான் தனித் தாள்.

நார்லிகர் என்றதும் பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயிலோடு சேர்ந்து உருவாக்கிய ஈர்ப்புக் கோட்பாட்டைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். நாங்கள் அவர் முன்னின்று நடத்திய பலூன் சோதனையை எடுத்தோம். 2005 ஏப்ரலில் ஐதராபாத்திலிருந்து 459 கிலோ கருவிகளோடு ஒரு பெரிய பலூன் ஏறியது. உள்ளே காற்றை வெளியேற்றிக் கிருமி நீக்கிய பதினாறு துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள், அவற்றைச் சுற்றி 38 கிலோ திரவ நியான். அந்தக் குளிரில் வெளிக்காற்று தானாகக் குழாய்க்குள் இழுபட்டு உறையும், பம்பு தேவையில்லை. 20 கிலோமீட்டரிலிருந்து 41 கிலோமீட்டர் வரை வெவ்வேறு உயரங்களில் காற்றைப் பிடித்தார்கள். 12 பாக்டீரியா, 6 பூஞ்சைத் தொகுதிகள் வளர்ந்தன. மூன்று பாக்டீரியாக்கள் புதிய இனங்கள். அவற்றில் ஒன்றுக்கு ஹாயிலின் பெயர். இதில் எல்லோரும் தவறும் இடம், ‘விண்வெளி உயிர் கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போடுவது. கீழிருந்து மேலே போன கிருமியா, மேலிருந்து இறங்கியதா என்பதை அந்தச் சோதனை தீர்க்கவில்லை. ஆய்வுக்குழுவே அப்படி உரிமை கொண்டாடவில்லை. பெருவெடிப்பை ஏற்காமல் கடைசிவரை சிறுபான்மைக் கருத்தோடு நின்றதும் தாளில் உண்டு. அதை மறைத்தால் அவரே ஏற்க மாட்டார்.

மே 29, வியாழன்

எழுத்தாளர் கூகி வா தியாங்கோ. தோற்றம் 5.1.1938, கென்யா. மறைவு 28.5.2025, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். கிக்கூயு மொழியில் அவர் கிராம மக்களோடு சேர்ந்து போட்ட நாடகத்துக்காக 1977ஆம் ஆண்டின் கடைசி நாளில் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணையே இல்லாமல் காமிட்டிச் சிறையில் ஓராண்டு. எழுதக் காகிதம் இல்லை. கழிப்பறைக்குத் தரும் காகிதம் சொரசொரப்பாக, கைதிகளை வருத்துவதற்கென்றே செய்ததுபோல இருக்கும். அந்த முரட்டுத்தனமே பேனாவுக்கு வசதியாகப் போயிற்று, மை ஊறிப் பரவவில்லை. முழு நாவலை அதிலேயே கிக்கூயுவில் எழுதினார். அதன்பின் நாவல்களை முதலில் தாய்மொழியில் எழுதி, தானே ஆங்கிலத்தில் கொண்டுவருவது அவர் வழக்கமானது.

இந்தத் தாளுக்கு மட்டும் இருநூறு சொல் என்ற எல்லையை மீறியிருக்கிறோம். தமிழில் எழுதுகிறவர்கள் இவரைப் படித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான எண்ணம்.

ஜூலை 14, திங்கள்

பி. சரோஜாதேவி, பெங்களூரு. தோற்றம் 7.1.1938, முடிந்த வயது 87. இவரைப் பற்றி இந்த ஊருக்கு எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. படத்தையும் தேதியையும் மட்டும் ஒட்டினோம்.

ஜூலை 25, வெள்ளி

இன்று புதிய மறைவு எதுவும் இல்லை. பழைய தாள் ஒன்றை எடுத்து மறுபடி ஒட்டினோம், ஜான் குட்எனஃப். தோற்றம் 25.7.1922, மறைவு 25.6.2023. நூற்றொன்று முடிய ஒரு மாதம் இருந்தது. இதே ஜூலை 25இல், 1948ஆம் ஆண்டு, அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் நம் சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) நேரு அடிக்கல் நாட்டினார். மின்வேதியியலுக்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் உள்ள ஊரில், மின்கலத்தின் இந்தப் பெரியவருக்கு ஆண்டுக்கு ஒருநாள் இருப்பது நியாயம்தானே.

கைபேசிக்குள் இருக்கும் லித்தியம் அயனி மின்கலம் எப்படி வந்தது? 1970களில் விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்பைடை நேர்மின்வாயாக வைத்தார், இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் கிடைத்தது. சல்பைடுக்குப் பதில் ஆக்சைடு வைத்தால் அழுத்தம் கூடும் என்று குட்எனஃப் கணித்தார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, நான்கு வோல்ட். இன்னொரு சிக்கல் எதிர்மின்வாயில் இருந்தது. அங்கே வெறும் லித்தியம் உலோகம் இருந்தால், திரும்பத் திரும்ப மின்னேற்றும்போது ஊசி ஊசியாக வளர்ந்து நடுவில் உள்ள தடுப்பைக் குத்திவிடும். குறுக்குச் சுற்றாகித் தீப்பிடிக்கும். 1985இல் யோஷினோ உலோகத்தை எடுத்துவிட்டுப் பெட்ரோலியக் கரியை வைத்தார். 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் நோபல் 2019இல்தான், குட்எனஃபுக்கு அப்போது 97. அந்த வயதில் நோபல் பெற்றவர் வேறு யாரும் இல்லை.

சார்ஜர் 4.2 வோல்ட்டில் நிற்பது ஏன் என்று கேட்கும் மாணவர்களுக்காக ஒரு வரி சேர்த்தோம். கோபால்ட் ஆக்சைடு அடுக்குகளிலிருந்து லித்தியத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் வெளியே எடுக்கலாம். அதற்கு மேல் உருவினால் அடுக்குகள் நிலைகுலையும், கலம் விரைவில் கெடும்.

அக்டோபர் 2, வியாழன்

சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால், 91. மறைவு 1.10.2025, கலிபோர்னியாவில், பேச்சுப் பயணத்தின் நடுவே. கடைசி வாரம் வரை வேலை.

கரையான் புற்று எப்படி இருக்கும் என்று செட்டிநாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம், தேக்குக் கதவு உள்ள வீட்டுக்காரர்களுக்குக் கரையான் தீராத கவலை. 1960இல் டாங்கனீக்காவின் (இன்றைய தான்சானியா) கோம்பே காட்டில் குடால் கண்டது இது: ஆண் சிம்பன்சி ஒன்று புற்றின் துளைக்குள் நீளப் புல்லை நுழைத்துக் கொஞ்சம் பொறுக்கிறது. உள்ளேயிருக்கும் கரையான்கள் புல்லைக் கவ்வுகின்றன. வெடுக்கென்று இழுத்தால் உதிர்ந்துவிடும், ஆகவே மெல்ல உருவி எடுத்து உதட்டால் வழித்துத் தின்கிறது. சில சமயம் இலையுள்ள குச்சியை ஒடித்து, இலைகளை உருவிப் போட்டுவிட்டு நுழைக்கிறது. அந்த இலை உருவலில்தான் விஷயம். கிடைத்ததைப் பயன்படுத்துவது வேறு, வேலைக்கேற்பச் செய்துகொள்வது வேறு. கருவி செய்வது மனிதன் மட்டுமே என்ற பாடம் அன்றோடு முடிந்தது.

விலங்குகளுக்கு எண் கொடுக்காமல் டேவிட் கிரேபியர்ட், ஃப்ளோ என்று பெயரிட்டதை அக்காலத்து விஞ்ஞானிகள் கண்டித்தார்கள். அதில் அவர் பக்கமே நியாயம் என்று இன்று பலரும் ஒப்புகிறார்கள். வாழைப்பழம் வைத்துச் சிம்பன்சிகளை முகாமுக்கு வரவழைத்தது வேறு கதை. கூட்டம் கூடிச் சண்டை அதிகமானது, இயல்பான நடத்தையே மாறியது. தாளில் இரண்டும் உண்டு.

அக்டோபர் 19, ஞாயிறு

பெய்ஜிங்கில் இயற்பியலாளர் சென் நிங் யாங், 103. சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஆங்கிலச் செய்திகள் அதைப் பின்னால் தள்ளும். இவர் யாங். அகர வரிசையில் அடுக்கும்போது சென் என்று போட்டுவிட்டால் பிறகு தேடிக் கிடைக்காது.

நவம்பர் 8, சனி

ஜேம்ஸ் வாட்சன். தோற்றம் 6.4.1928, மறைவு 6.11.2025. செய்தி ஒருநாள் தாமதமாகத்தான் வெளிவந்தது.

இந்தத் தாளுக்குத்தான் விவாதம் அதிகம். செத்தவரைக் குறை பேசலாமா என்பது நம் ஊர்க் கேள்வி. துக்க வீட்டில் பேசக்கூடாதுதான். வாசகசாலைப் பலகை துக்க வீடல்ல.

செய்த வேலை முதலில். 1953 பிப்ரவரியில் பட்டறையிலிருந்து உலோகத் தகடுகள் வரத் தாமதமானதால், டி.என்.ஏ.வில் உள்ள நான்கு காரங்களின் வடிவங்களையும் அட்டையில் வெட்டி மேசைமேல் பொருத்திப் பார்த்தார் வாட்சன். ஒட்டவில்லை. காரணம், பாடநூலில் இருந்த ஹைட்ரஜன் இடங்களே தவறு. அதே அறையில் இருந்த ஜெர்ரி டோனஹ்யூ அதைச் சுட்டிக்காட்டினார். திருத்திய அட்டைகளைச் சேர்த்தபோது அடினின்-தைமின் இணையும் குவானின்-சைட்டோசின் இணையும் ஒரே அகலத்தில் அமைந்தன. டி.என்.ஏ. ஏணியின் படிகள் எல்லாம் சம நீளம், எனவே முறுக்கு சீராக வரும்.

ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் கோஸ்லிங் எடுத்த எக்ஸ்ரே படம், அவருக்குத் தெரியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. ஃபிராங்க்ளின் 1958இலேயே இறந்துபோனார், 1962 நோபலில் அவர் இல்லை. பிற்காலத்தில் கறுப்பின மக்களின் அறிவுத்திறன் பற்றி வாட்சன் திரும்பத் திரும்பச் சொன்னவை ஆதாரமற்றவை, இழிவானவை. அவர் முன்பு நடத்திய ஆய்வகமே 2019இல் கௌரவப் பட்டங்களைத் திரும்பப் பெற்றது. அட்டைத் துண்டுகளுக்கு ஆறு வரி, இதற்கு ஆறு வரி. ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் அது அஞ்சலியாகாது, விளம்பரமாகவோ வசையாகவோ போய்விடும்.

நவம்பர் 11, செவ்வாய்

இந்தி நடிகர் தர்மேந்திரா இறந்துவிட்டதாகக் காலையிலிருந்து தொலைக்காட்சிகளில் ஓடுகிறது. தாள் ஒட்டவில்லை. குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். ஒரு சேனல் சொன்னதைப் பத்து சேனல் சொன்னால் பத்துச் சான்று என்று தோன்றும், மூலம் ஒன்றுதான். குடும்பம், மருத்துவமனை, அல்லது அவர் சார்ந்த நிறுவனம் சொல்லும்வரை காத்திருப்பது. ஒருநாள் பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை.

நவம்பர் 24, திங்கள்

இன்று உறுதியானது. தோற்றம் 8.12.1935, முடிந்த வயது 89. இன்னும் இரண்டு வாரத்தில் 90.

டிசம்பர் 4, வியாழன்

ஏ.வி.எம். சரவணன், சென்னையில். நேற்றுத்தான் 86 முடிந்தது. அவருடைய தந்தை மெய்யப்பச் செட்டியார் நம் காரைக்குடிக்காரர். கோடம்பாக்கத்துக்கு முன்பே தேவகோட்டை ரஸ்தாவில் அவருடைய ஸ்டூடியோ நடந்தது, 1947இல் வந்த ‘நாம் இருவர்’ எடுத்தது அங்கேதான். இன்று அந்தப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் பலருக்குத் தெரியாது. 1979இல் தந்தை மறைந்தபின் சகோதரர்களோடு நிறுவனத்தை நடத்தினார். வெள்ளை உடை, கட்டிய கை, தணிந்த பேச்சு. தாளுக்கு அந்தக் கட்டிய கைப் படத்தையே தேர்ந்தெடுத்தோம்.

டிசம்பர் 7, ஞாயிறு

கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி. தோற்றம் 28.2.1929, மறைவு 5.12.2025, கலிபோர்னியா.

ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 1997இல் திறந்த அருங்காட்சியகம். வளைவுகளை விமான வடிவமைப்புக்கான கணினி மென்பொருளால் கணக்கிட்டார்கள், ஏறக்குறைய ஒவ்வொரு இரும்புச் சட்டமும் வேறு அளவு. மேலே சுமார் 33,000 டைட்டானியத் தகடுகள், தடிப்பு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. காற்றடித்தால் லேசாக அசையும். மேகமூட்டமான அந்த ஊரில் எஃகு மங்கித் தெரிந்தது, டைட்டானியம் பொன்னிறம் காட்டியது.

லாஸ் ஏஞ்சல்ஸில் 2003இல் திறந்த டிஸ்னி இசை அரங்கில் இடறியது. பெரும்பகுதி மங்கலான எஃகு, ஒரு பகுதி மட்டும் கண்ணாடிபோல் மெருகேற்றியது, அதிலும் உட்குழிந்த வளைவு. குழிந்த பளபளப்பு வெயிலைக் குவித்து எதிர்வீட்டு ஜன்னல்களிலும் நடைபாதையிலும் கொட்டியது. வெண்கரு சேர்த்து மெருகிட்ட நம் சுண்ணாம்புச் சுவர்களும் முகம் தெரியும் அளவுக்கு மின்னும். ஆனால் அவை தட்டையானவை, வெயில் நேரே படாமல் வீட்டின் உள்கட்டான வளவுக்குள் நிற்பவை, ஒளி குவிய வழியில்லை. 2005இல் அந்த எஃகுத் தகடுகளைத் தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கினார்கள். வடிவத்தைத் தொடவில்லை, மெருகை மட்டும் எடுத்தார்கள். கட்டடம் படிக்கும் பிள்ளைகள் பலகைக்கு வருவதால் பில்பாவோவுக்குச் சமமாக இந்தத் தேய்ப்பு வேலைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.