லிங்க் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்?

செல்டா வீடியோ கேம் தொடரில் என்னை விடாத இடம் ஒன்று உண்டு. 1998இல் வந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ முடிவில், வில்லன் கேனனை அடைத்த கையோடு இளவரசி செல்டா நாயகன் லிங்கைச் சிறுவயதுக்கே அனுப்பிவிடுகிறாள். இழந்த ஏழு வருடம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கட்டும் என்ற நல்ல மனசுதான். ஆனால் காலம் அங்கேதான் கிளை பிரிகிறது: அவன் திரும்பிப் போன உலகம் ஒன்று, விட்டுப்போன உலகம் ஒன்று. லிங்க் தோற்றுப்போகும் கிளை வேறு ஒன்று தனியாக உண்டு.

எனக்கு மனசு கனப்பது அவன் விட்டுப்போன உலகத்தை நினைத்துத்தான். கேனன் மறுபடி எழுகிறான், வீரன் வரவில்லை, கடைசியில் தெய்வங்கள் ஹைரூல் நாட்டையே கடலில் மூழ்கடிக்கின்றன. இந்தக் கிளையில் வரும் ‘விண்ட் வேக்கர்’ விளையாடியவர்களுக்குத் தெரியும்: கடலடியில் அந்த அரண்மனைக்குள் போனால் எல்லாம் கறுப்பு வெள்ளை, அரக்கர்கள் நின்ற இடத்திலேயே உறைந்திருப்பார்கள். என்ன ஒரு காட்சி!

நேற்று சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது அக்கா மகன் கேட்டான், “மாமா, லிங்க் அங்கேயே தங்கியிருந்தா?”

தங்கியிருந்தால் கேனனை எதிர்க்கும் மாஸ்டர் வாளை எடுக்க ஆள் இருந்திருக்கும். கடல் வந்திருக்காது. கக்கரிக்கோ கிராமத்தில் அவன் நரைத்த தலையோடு பிள்ளைகளுக்கு வாள் சொல்லிக்கொடுத்திருப்பான். சரி, அப்புறம்? சிறுவனாகத் திரும்பிப் போய் கேனனைப் பற்றி எச்சரிக்க யாருமில்லை. அந்தக் கிளையில் வரும் விளையாட்டுகளும் இல்லை: மஜோராவின் முகமூடிக் கதை இல்லை, மிட்னா வரும் ‘ட்விலைட் பிரின்சஸ்’ இல்லை.

“அப்போ மிட்னாவும் இல்லையா? வேணாம் மாமா, அவன் போகட்டும்” என்றான் பையன்.

நான் இன்னும் லிங்க் தங்கும் பக்கம்தான். நீங்கள்?