சீலைப் பிடி

அக்டோபர் 14, திங்கள்

தங்கைக்குப் பனிக்குடம் உடைந்து பதினாறு மணி நேரம் ஆகிறது. கர்ப்பவாய் ஆறு சென்டிமீட்டரிலேயே நிற்கிறதாம். அம்மை ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. மழை விடவே இல்லை.

இரவு

பெண் குழந்தை. 2 கிலோ 900.

தண்ணீர் பச்சையாக வரத் தொடங்கியது, குழந்தையின் துடிப்பும் குறைந்தது. ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டார்கள். மாப்பிள்ளை தன் பெயரையே தப்பாக எழுதினார். அப்புறம் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வெளியே கொண்டுவந்தபோது முதுகில் போட்ட ஊசியால் அவளுக்குப் பல்லோடு பல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. அதற்குள்ளும் கேட்டாள்: “அக்கா, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ?”

அக்டோபர் 15

காலையில் மூத்திரக் குழாயை எடுத்தார்கள். உடனே எழுந்து நடக்கவேண்டும், படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டும் என்றார் நர்ஸ். எழும்பும் முறையையும் அவரே சொல்லிக்கொடுத்தார். ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலை முதலில் கீழே விட்டு. நான் என் பழைய சீலையை முறுக்கிக் கட்டில் கம்பியில் கட்டினேன், பிடித்துக்கொள்ள. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளவேண்டும். கட்டிலில் இருந்து கழிவறை பத்து எட்டு வைக்கிற தூரம். கால் மணி நேரம் ஆனது. என் கையில் அவள் நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது.

சீம்பால் சொட்டுச் சொட்டாக வருகிறது. தையலில் படாமல் குழந்தையைக் கக்கத்தில் இடுக்கினாற்போலப் பிடித்தால் நன்றாகக் குடிக்கிறாள்.

அக்டோபர் 16

இன்று வந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்கள்: “நார்மலா, ஆபரேஷனா?”

பெரியம்மை சொன்னது: “இப்ப உள்ள பிள்ளையளுக்கு வலி தாங்க வய்யா.” பதினாறு மணி நேரம் வலி எடுத்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்புவதற்கே எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெரியம்மையிடம் சொல்ல எனக்குள் என்னென்னவோ இருந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் 64 வரை. இது அதிகம்தான், ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தையல் காயாத பிள்ளையின் கட்டிலருகில் நின்றா கேட்பது? 2015-ல் உலக சுகாதார நிறுவனமே, ஒரு விகிதத்தைத் துரத்தாதீர்கள், தேவைப்படுகிறவளுக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்றுதான் சொன்னது. அந்தத் துடிப்பு இன்னும் குறைந்திருந்தால் யாரைப் பார்க்க வந்திருப்பார்கள்?

ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் வாங்கிவரச் சொல்லி ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 17

தூக்கமில்லை. பால் கட்டிக்கொண்டது.

அக்டோபர் 19

வீடு. மார்த்தாண்டத்தில் இருந்து ஒவ்வொரு குழிக்கும் ஆட்டோ நின்று நின்று வந்தது. அந்த டிரைவர் நன்றாயிருக்கட்டும். சீலையைக் கட்ட இந்தக் கட்டிலில் கம்பி இல்லை, ஜன்னலில் கட்டியிருக்கிறேன்.

தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருக்கும் என்கிறாள் அம்மை. நிறையக் குடிக்கச் சொன்னார் டாக்டர். அம்மை அடுக்களைக்குப் போகும்போதெல்லாம் நான் ஒரு டம்ளர் கொடுக்கிறேன். வேது தண்ணீர், பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் மூலிகை வெந்நீர், விஷயத்தில் ஒரு சமாதானம்: முதுகுக்கும் காலுக்கும் மட்டும்.

அக்டோபர் 21

மூன்று மணிக்குப் பால் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாதது. என் மூத்தவனைப் பார்க்க வந்த மாமி, வீடு நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார்: “நீ எங்க பெத்த? எடுத்ததுல்லா.”

அவன் முதல் அழுகை எனக்கு மறந்துவிட்டது. இந்த வார்த்தை மறக்கவில்லை.

அவள் ஒன்றும் பேசவில்லை. குழந்தையை மாற்றிப் பிடித்துவிட்டு, காலியாக இருந்த கையால் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “எனக்கு அந்த ஒன்பது பேர் முகமும் ஞாபகம் இருக்கு அக்கா” என்றாள்.

அக்டோபர் 22

இன்று ஒரு தடவை சீலையைப் பிடிக்காமல் எழுந்தாள்.

அக்டோபர் 24

இதுவரை தையலைப் பார்க்காமல் இருந்த அம்மை இன்று பார்த்தாள். அடிவயிற்றில் குறுக்கே, ஒரு சாண்கூட வராது. விரலை நீட்டினாள், தொடவில்லை. “இதுக்குள்ள இருந்தா மக்களே வந்தா?”

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, செருப்பைக் கழற்றும்போதே, “நார்மலா?” என்றார்.

“பிள்ள பெத்திருக்கா” என்றாள் அம்மை. “இரி, கட்டஞ்சாயா போடுதேன்.”

அக்டோபர் 26

தையலின் இடது ஓரத்தில் கொஞ்சம் ஈரம். காய்ச்சல் இல்லை, 98.4. காலையில் கொண்டுபோய்க் காட்டவேண்டும். ஆட்டோ டிரைவரிடம் சொல்லியாயிற்று.