கறுப்பு காருல ஸ்வர்ல் மார்க் எடுக்கணும்னா

கறுப்பு கார் வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்லப்போறது உடனே புரியும். நிழல்ல நிக்கும்போது வண்டி புதுசு மாதிரி இருக்கும், அதையே மத்தியான வெயில்ல வெளிய எடுத்தா போனட் பூரா சிலந்தி வலை பின்னின மாதிரி கோடு கோடா தெரியும். அதைத்தான் ஸ்வர்ல்னு சொல்றாங்க. வட்டமா தெரியுதேன்னு யாரோ வட்டமா தேய்ச்சுட்டாங்கன்னு நினைக்காதீங்க, அந்தக் கீறல் எல்லாம் நாலா பக்கமும் தாறுமாறா கிடக்கறதுதான், வெளிச்சம் விழற இடத்தைச் சுத்தி அதுக்கு குறுக்கால இருக்கற கீறல் மட்டும் மின்னும், அதனால வட்டமா தெரியுது. தலையைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்க, வட்டமும் கூடவே நகரும்.

எப்படி வருதுன்னா பெரும்பாலும் நம்ம துடைக்கறதுலதான். காலைல தூசி படிஞ்ச வண்டிய தண்ணியே ஊத்தாம பனியன் வேஸ்ட்ட வச்சு ஒரு இழு இழுப்பாங்க பாருங்க, அந்தத் தூசில இருக்கற மணல் பெயிண்ட்ட விட கெட்டியானது, அதை வச்சு தினமும் தேய்ச்சா வேற என்ன ஆகும்.

இந்தக் கோட்ட எடுக்க பாலிஷர், அதாவது பாலிஷ் போடற மெஷின், வாங்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல ஏறணும். பாலிஷ் பண்றதுன்னா கீறல நிரப்பறது இல்ல, கீறலோட அடி மட்டம் வரைக்கும் சுத்தி இருக்கற கிளியர் கோட்ட, அதாவது கலருக்கு மேல அடிச்சிருக்கற நிறமில்லாத பூச்ச, சீவி எடுக்கறது. கம்பெனி பெயிண்ட்டுல பிரைமர் கலர் கிளியர் எல்லாம் சேர்த்தே சாதாரணமா 100லருந்து 150 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு மைக்ரான்), அதுல மேல இருக்கற கிளியர் கோட் சுமார் 35லருந்து 50. நம்ம தலைமுடியே பெரும்பாலும் அந்த கிளியர விட தடிமனா இருக்கும். எடுத்தது எடுத்ததுதான், திரும்பி வராது, அதுவும் வெயில்லருந்து கலர காப்பாத்தறதே அந்த கிளியர்தான். அதனால கண்ணாடி மாதிரி ஆக்கியே தீருவேன்னு இறங்காதீங்க, கோடு முக்கால்வாசி போனாலே வண்டி வேற லெவல்ல இருக்கும், மிச்சத்த பெயிண்ட்டுக்கு விட்டு வைங்க. இதுதான் என் கருத்து, எங்க வேணா நின்னு சொல்லுவேன்.

கீறல் மேல நகத்த மெதுவா ஓட்டிப் பாருங்க. நகம் தட்டுச்சுன்னா அது பாலிஷ்ல போகாது, ஓரத்த மழுக்கி கண்ணுக்குக் குறைவா தெரிய வைக்கலாம், அவ்வளவுதான். அதைத் துரத்திட்டு போனீங்கன்னா கிளியர் கிழிஞ்சு அடியில கலர் வந்துடும், அப்புறம் பெயிண்டிங் கடைதான்.

மெஷின்ல ரெண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சுல சுத்தும், வேகமா வெட்டும், சூடும் அதிகம், கை பழகாதவங்க கைல அது கிளியர தின்னுடும், இல்லன்னா வெயில்ல ஹோலோகிராம்னு அலை அலையா கோடு விட்டுட்டு போகும். டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன், சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும், முதல்ல வாங்கறவங்க இதைத்தான் வாங்கணும். நம்ம ஊர்ல பல வாட்டர் வாஷ் கடைகள்ல ரப்பிங் பாலிஷ்னு கேட்டா பழைய ரோட்டரிய எடுத்து கம்பளி பேட் (மெஷின் முனைல மாட்டி தேய்க்கற மெத்தை) போட்டு ஒரே ஓட்டு ஓட்டி மேல எண்ணெய் மாதிரி ஏதோ தடவி அனுப்பறாங்க, ரெண்டு மூணு தடவ கழுவினதும் கோடெல்லாம் பழையபடி வந்து நிக்கும், காரணம் அது போகவே இல்ல, மறைஞ்சுதான் இருந்துச்சு.

வேலைன்னு பாத்தா முக்கால்வாசி மெஷின தொடறதுக்கு முன்னாடிதான். நல்லா கழுவணும், அயர்ன் ரிமூவர் அடிக்கணும் (பிரேக் தூசில இருக்கற இரும்பு பட்டா ஊதா கலரா ஒழுகும், பாக்கவே நல்லா இருக்கும்), க்ளே பார் (களிமண் மாதிரி பிசையற கட்டி) தேய்ச்சு ஒட்டிக்கிட்டு இருக்கறத எடுக்கணும், ரப்பர் பீடிங், பிளாஸ்டிக், பாடி ஓரம் எல்லாத்துலயும் டேப் ஒட்டணும். ஓரத்துல பெயிண்ட் மெல்லிசா இருக்கும், அங்க பேட் நின்னா போச்சு.

அப்புறம் ஒரு சின்ன இடத்துல டெஸ்ட் பண்ணிப் பாருங்க. முதல்ல மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ் (ரொம்ப கம்மியா சீவற பேஸ்ட்). அதுல போச்சுன்னா முழு வண்டிக்கும் அதேதான், போகலன்னாதான் கட்டிங் காம்பவுண்ட்டுக்கு, அதாவது இன்னும் அதிகமா சீவற பேஸ்ட்டுக்கு, போகணும். எடுத்த எடுப்புல காம்பவுண்ட் வேண்டாம். பேட்ல நாலஞ்சு சொட்டு, ரெண்டடிக்கு ரெண்டடி இடம், கம்மி ஸ்பீடுல பரப்பிட்டு அப்புறம் மெஷின் ஸ்பீட 4, 5ல வச்சு மெதுவா நகர்த்துங்க, ஒரு வரிசை இன்னொன்னு மேல பாதி ஏறணும், முதல்ல நெடுக்க அப்புறம் குறுக்க. அழுத்தம் அதிகமானா டிஏ சுத்தறத நிறுத்திட்டு சும்மா அதிர்ந்துட்டு மட்டும் இருக்கும், பேட் ஒட்டற பின் தட்டுல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சா சுத்துதா இல்லையான்னு கண்ணுக்கே தெரியும். பேட்ட அடிக்கடி பிரஷ்ஷால தேய்ச்சு சுத்தம் பண்ணுங்க, அழுக்கு பேட் புதுசா கீறல் போடும்.

சென்னை வெயில்ல நேரா நிறுத்தி பண்ணவே கூடாது. போனட் சூட்டுல காம்பவுண்ட் காஞ்சு ஒட்டிக்கும். காலைல சீக்கிரம், போர்ட்டிகோ நிழல்ல, தொட்டுப் பாத்தா பாடி குளுமையா இருக்கணும். பம்பர் பிளாஸ்டிக்ல சூடு தங்கும், அங்க இன்னும் மெதுவா. பெயிண்ட் அளக்கற மீட்டர் கிடைச்சா நல்லது, ஆனா சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பர்ல வேலை செய்யாது. ஒரு கதவு மட்டும் மத்ததவிட ரொம்ப அதிகமா காட்டுச்சுன்னா அது ஏற்கனவே பெயிண்ட் அடிச்ச கதவு, அதை தனியா டெஸ்ட் பண்ணுங்க.

ஒவ்வொரு இடம் முடிஞ்சதும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தண்ணி கலந்து துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, பாலிஷ்ல இருக்கற எண்ணெய் கீறல மறைச்சுடும், துடைச்சாதான் உண்மை தெரியும். செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல கெட்டியா பிடிக்கற பாதுகாப்பு பூச்சு) போட கடைக்கு விடறவங்களும் கோட்டிங் ஏத்தறதுக்கு முன்னாடி இப்படி துடைச்சு வெளிச்சத்துல காட்டச் சொல்லுங்க. ஸ்வர்ல் மேலயே கோட்டிங் ஏத்திட்டா அந்தக் கீறல எடுக்க கோட்டிங்கையும் சேர்த்துத்தான் சீவணும்.