மலை ஏறாமல் ஒரு நந்தி ரைடு

பெங்களூரில் ரோடு பைக் வைத்திருக்கும் யாரிடமாவது நந்தி என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு உடனே ஏற்றத்துக்குப் போய்விடும். எத்தனை நிமிடத்தில் ஏறினாய், கடைசி வளைவுகளில் எந்த கியர், ஹார்ட் ரேட் எவ்வளவு போனது. நந்தி மலை 1,478 மீட்டர் உயரம், நகரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இருட்டோடு கிளம்பி, ஏறி இறங்கி, தட்டு இட்லி சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவது இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம். அந்த ஏற்றம் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் மலையைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கென்றே ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அது திராட்சை பூமி. இன்னும் அப்படியே இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

பிப்ரவரி கடைசியில் போவது நல்லது, அறுவடைக் காலம். நானும் என் சித்தப்பா மகனும் குக் டவுனிலிருந்து அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். பெல்லாரி ரோட்டில் ஏர்போர்ட் டாக்ஸிகள் பறக்கும் வேகத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓட்ட எனக்கு மனசு வராது. அதனால் லிங்கராஜபுரம், ஹென்னூர், பாகலூர் வழி. பாகலூர் தாண்டினால் விமானங்கள் தலைக்கு மேல் விளக்கோடு தாழ்ந்து இறங்கும். ரோடு சில இடங்களில் மோசம்தான், முன்விளக்கு நல்லதாக இருக்கட்டும்.

தேவனஹள்ளியில் விடிந்தது. ஹைவேயிலேயே போகாமல் கோட்டைக்குள் நுழைந்து போங்கள். உள்ளே இன்னும் ஊர் இருக்கிறது: வீடுகள், வேணுகோபால சாமி கோயில், பால் வாங்கப் போகிறவர்கள். 1501இல் மல்ல பைரே கவுடா மண்ணால் கட்டிய கோட்டை இது, பிறகு ஹைதர் அலி கல்லால் எழுப்பினார். திப்பு சுல்தான் பிறந்த இடத்தில் ஒரு சின்னக் கல் மண்டபம் நிற்கிறது. 1791இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை இதைப் பிடித்துக்கொண்டு, அதே ஆண்டு நந்தி மலைக் கோட்டையையும் முற்றுகையிட்டது. நான் கொத்தளத்தின் மேல் நின்று பார்த்தபோது மலை வடக்கே நீல நிறத்தில் தெரிந்தது. குதிரையில் வந்தவர்களுக்கும் இப்படித்தான் தெரிந்திருக்கும். தேவனஹள்ளி பம்பளிமாஸுக்கும் பேர்போனது. இங்கே சக்கோத்தா என்பார்கள், புவிசார் குறியீடு வாங்கிய பழம்.

அடுத்து அவதி. சின்ன ஊர். தேவனஹள்ளிக் கோட்டையைக் கட்டிய பைரே கவுடா வம்சம் இங்கிருந்துதான் கிளம்பியது. அவர்களுடைய முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து இந்த மலையடியில் தங்கியவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இங்கிருந்து ஹைவேயை விட்டு ஏதாவது ஒரு கிராமத்து ரோட்டில் திரும்பினால் போதும், பந்தல்கள் தொடங்கிவிடும்.

வரிசையாக நட்ட கருங்கல் தூண்கள், ஆள் உயரத்தில் கம்பி வலை, அதன் மேல் முழுக்கக் கொடி. வெளியிலிருந்து பார்த்தால் பச்சைக் கூரை மட்டும்தான் தெரியும். குனிந்து உள்ளே பார்த்தால் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கறுநீலம் தொங்கும். பெங்களூர் ப்ளூ. 2013இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தச் சீமையில் விளைகிற ரகம், வருஷத்தில் இரண்டு மகசூல்.

ஒரு தோட்டத்தில் கொத்து வெட்டிக்கொண்டிருந்த அம்மா எங்களைக் கூப்பிட்டு ஒரு கொத்து கொடுத்தார். பாதி கன்னடம், பாதி தெலுங்கு. எங்கள் பதில் கன்னடத்தில், நடுவே தமிழும் புகுந்தது, எல்லாம் புரிந்தது. பெங்களூர் ப்ளூவைக் கடையில் வாங்கித் தின்பது வேறு, கொடியடியில் தின்பது வேறு. பழத்தின் மேல் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும், விரல் பட்ட இடம் மட்டும் கறுப்பாக மினுங்கும். தோல் தடிமன். உதட்டில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் சதை முழுசாக வழுக்கி வாய்க்குள் வந்துவிடும், தோல் கையிலேயே நிற்கும். சதை இளம்பச்சை, விதை உண்டு. சதையில் இனிப்பு, விதையருகே நல்ல புளிப்பு, மணம் எல்லாம் தோலில். அந்த மணம் பந்தலுக்கு அடியில் ஒரு மூடிய அறையில் நிற்பதுபோல் நிற்கும்.

"அக்கா, இது நம்ம அத்தை வைன் வாசனை" என்றான் தம்பி.

அதேதான். கிழக்கு பெங்களூரில் எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் வைன் இந்தப் பழத்தில்தான். பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பீங்கான் ஜாடியில் சர்க்கரையோடு நசுக்கிப் போட்டு, கொஞ்சம் கோதுமை, பட்டை, ஈஸ்ட் சேர்த்து, வெள்ளைத் துணியால் வாய்கட்டி, தினமும் மரக் கரண்டியால் கிளறுவார் அத்தை. கரண்டி வேறு யார் கைக்கும் போகாது. அந்த அம்மாவிடம் ஒரு பெட்டி பழம் கேட்டேன். சைக்கிளில் கொண்டுபோக முடியாதே என்றதும், அவர் மகன் மறுநாள் விடியற்காலை சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு வேன் எடுத்துப் போவான், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

நந்தி கிராமத்தில் போகநந்தீஸ்வரர் கோயில். பெடலில் மாட்டும் க்ளீட் ஷூவைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த கல்தரையில் கால் வைக்கும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி பாணர், கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகர அரசர்கள் என்று ஒவ்வொருவரும் கை வைத்த கோயில். உள்ளே போகநந்தீஸ்வரருக்குப் பக்கத்துச் சன்னதியில் இருப்பவர் அருணாசலேஸ்வரர். திருவண்ணாமலைக்காரர் இங்கே என்ன செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு: இந்தச் சீமை சோழர் காலத்தில் நிகரிலி சோழ மண்டலம். ராஜேந்திர சோழன் என்று சொல்லப்படும் சிற்பம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. இரண்டு சன்னதிக்கும் நடுவே இருக்கிற கல்யாண மண்டபத்துக் கறுப்புத் தூண்களைப் பார்க்க நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். கொடியும் கிளியுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். தம்பி ஒரு தூணைவிட்டு நகரவே இல்லை.

தமிழர்களுக்கு இந்த மலைத்தொடரோடு இன்னொரு உறவு உண்டு. பாலாறும் தென்பெண்ணையும் இந்தப் பக்கத்தில்தான் பிறக்கின்றன, அர்க்காவதியும்தான். ஆனால் இந்த மலை இருக்கும் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஊருக்கெல்லாம் ஆறு கொடுத்த மலையின் காலடியில் திராட்சைக்குத் தண்ணீர் ஆயிரம் அடி தாண்டிய போர்வெல்லிலிருந்து, சொட்டுக் குழாயில். ஒவ்வொரு கொடியின் காலடியிலும் ஒரு கையகல ஈரம் மட்டும் தெரிகிறது.

மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தொட்டபள்ளாப்பூர் திசையில் ஓட்டினால் நிலம் மெல்ல அலைபோல் ஏறி இறங்கும். கிழக்குக் காற்று முதுகில் தள்ளியது, பெரிய கியரில் சும்மா பறந்தோம். லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய கம்பி ஒன்று தம்பியின் பின் டயரில் ஏறியது. டியூப் மாற்றப் புளியமர நிழல் கிடைத்தது. டயரின் உள்பக்கம் விரலால் தடவி அந்தக் கம்பியை எடுக்காமல் புது டியூப் போடாதீர்கள், ஐந்து நிமிடத்தில் அதுவும் போய்விடும்.

ரகுநாதபுரத்தில் க்ரோவர் வைன் நிறுவனத்தின் திராட்சைத் தோட்டம். 1988இல் கன்வல் க்ரோவர் தொடங்கியது. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் துணையோடு இடம் தேடி இந்த மலையடியைத் தேர்ந்தெடுத்தார்கள், பிறகு போர்தோ பகுதி வைன் நிபுணர் மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். இங்கே பந்தல் கிடையாது. கொடிகள் வேலிபோல் வரிசையாக நிமிர்ந்து நிற்கும், கொத்துகள் முழங்கால் உயரத்தில். கபர்னே சாவினியோன், ஷிராஸ் என்ற வைன் ரகங்கள். பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, சாறு குறைவு, தோலும் விதையும் அதிகம். சிவப்பு வைனுக்கு நிறமும் துவர்ப்பும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். 13 டிகிரி அட்சரேகையில் எந்தக் கொடி தூங்கும்? அதனால் இங்கே வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. கோடையில் ஒன்று கொடியைத் தேற்ற, மழை ஓயும் நேரத்தில் இன்னொன்று காய் பிடிக்க. பனிக்கால இரவுக் குளிரில் பழம் மெல்லப் பழுத்து, கடும் வெயில் வரும் முன் வெட்டிவிடுகிறார்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரமும், தண்ணீர் தேங்காத செம்மண்ணும் இதற்குத் துணை. முன்பதிவு செய்தால் சுற்றிக் காட்டுகிறார்கள்: எஃகுத் தொட்டிகள், ஓக் பீப்பாய்கள் அடுக்கிய குளிர் அறை. வியர்வை உடம்போடு அந்த அறையில் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. கோப்பையை நான் மூக்கு வரைதான் கொண்டுபோனேன். சைக்கிளில் திரும்ப வேண்டிய நாளில் குடிப்பதில்லை, நீங்களும் வேண்டாம். ருசி பார்க்க ஆசை என்றால் இன்னொரு நாள் வண்டி ஓட்டுகிற ஒருவரோடு வாருங்கள்.

2007இல் கர்நாடக அரசு வைன் கொள்கை கொண்டுவந்து நந்திப் பள்ளத்தாக்கைத் திராட்சைக்கான பகுதியாக அடையாளம் காட்டியது. அடுத்த ஆண்டே, 2008இல், தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்தது. அன்றிலிருந்து நிலத்துக்கு இரண்டு விலை, பழம் தரும் விலை ஒன்று, மனைக்கட்டு விலை ஒன்று. நாங்கள் போன வழியில் பல இடங்களில் கல்தூண்கள் மட்டும் நிற்கின்றன, கொடி இல்லை, நடுவில் லேஅவுட் விளம்பரப் பலகை. ஆனால் தேவனஹள்ளி தாலுகா சன்னராயபட்டண ஹோப்ளியில் (தாலுகாவுக்குள் ஒரு வருவாய்ப் பிரிவு) 13 கிராமத்து விவசாயிகள் ஏரோஸ்பேஸ் பூங்காவுக்கு நிலம் தர மாட்டோம் என்று மூன்று ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து போராடி, 2025 ஜூலையில் 1,777 ஏக்கர் கையகப்படுத்தலை அரசே கைவிடும்படி செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. விளைகிற மண்ணைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

தொட்டபள்ளாப்பூர், ராஜானுகுண்டே, யெலஹங்கா வழியாகத் திரும்பினோம். மொத்தம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், வேகம் பற்றிக் கவலையே படவில்லை. மதியத்துக்கு மேல் வெயில் கடுமை, ஆளுக்கு மூன்று பாட்டில் தண்ணீராவது வைத்துக்கொள்ளுங்கள். சிறு கிராமங்களில் கடை மூடியிருக்கலாம்.

திங்கள் காலை ரஸ்ஸல் மார்க்கெட்டில் அந்தப் பையன் பெட்டியோடு காத்திருந்தான். அத்தை ஒரு பழத்தை நசுக்கி, தோலை முகர்ந்து, விதையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நல்ல பழம்டி. புளிப்பு கொஞ்சம் தூக்கல், சர்க்கரை அரை கிலோ கூடப் போடணும். அடுத்த வாட்டி போனா ரெண்டு பெட்டியா சொல்லிட்டு வா."